கடலுக்கு வெந்நீர் வைத்த கதை

செங்காட்டுப்பட்டியில் மூன்று சமையல்காரர்கள் இருந்தார்கள். மூன்று பேருடைய மூளையையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டினாலும் ஒரு இலைக்குப் பரிமாறக் காணாது. ஆனால் சாம்பார் அப்படி வைப்பார்கள். அந்தச் சாம்பாருக்காக ஊர் அவர்களை மன்னித்து வைத்திருந்தது.

மாஸ்டர் சாத்தையா சொன்ன சொல்லை அப்படியே செய்கிற மனிதர். உப்பு ஒரு கை போடச் சொன்னால், கையை மூடியா விரித்தா என்று கேட்டு வர ஆள் அனுப்புவார். அவருடைய மச்சினன் கோட்டைச்சாமி காய் வெட்டுகிறவன். யோசிக்கிற வேலையும் அவனுடையதுதான். யோசனை வந்தால் கத்தியைக் கீழே வைத்துவிடுவான். அதனால் பல கல்யாணங்களில் பொரியல் கிடையாது. மூன்றாவது ஆள் அங்குச்சாமி, அடுப்புக்காரன். அவனுக்குத் தெரிந்தது தீ ஒன்றுதான். அது அவனுக்குப் போதுமானதாக இருந்தது.

ஊர் முத்தாலம்மனுக்கு ஒரு செப்புக் கொப்பரை உண்டு. இரண்டு ஆள் உட்காரலாம், அவ்வளவு பெரியது. சமைக்கிறவன் கை தவிர வேறு கை அதைத் தொடக்கூடாது. தொட்டுவிட்டால் அந்த வருஷப் பொங்கல் பக்கத்து ஊர்க் கோஷ்டிக்குப் போய்விடும். மற்ற நாட்களில் சமைக்கிறவன் வெளியூர் விருந்துக்குக் கொண்டுபோகலாம். அதற்கு அம்மன் ஒன்றும் சொல்வதில்லை. பொங்கலன்று கொப்பரையில் பால் பொங்கி வழியும்போது பெண்கள் குலவையிடுவார்கள், சாத்தையா தலையில் பரிவட்டம் கட்டுவார்கள். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் ஊரில் யாரும் அவரைப் பார்த்துச் சிரிப்பதில்லை. மீதி நாட்களை அந்த நாளை நினைத்தே கழித்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கொப்பரைதான் கடலுக்குள் போனது.

கடலோரத்துப் படகு முதலாளி ஒருவர் ஒரு தீவில் விருந்து வைத்தார். சமையல் முடிந்து திரும்பும்போது படகு ஆடியது. பின்னால் எஞ்சினைப் பிடித்துக்கொண்டிருந்த படகுக்காரர், பலகைமேல் இருந்த கொப்பரையைப் பார்த்துக் கத்தினார்.

"மேல்கனமா இருக்கு. அந்தப் பெரிய பாத்திரத்தைக் கீழே இறக்கிருங்கப்பா!"

"கீழேன்னா எங்கங்க?" என்றார் சாத்தையா.

"கீழேதான். வேற எங்க!"

மூவரும் கூடிப் பேசினார்கள்.

"படகுக்குள்ளயே இறக்கி வச்சா படகோட கனம் எப்படி மச்சான் குறையும்?" என்றான் கோட்டைச்சாமி. "கீழேன்னா படகுக்கும் கீழே."

"தண்ணி பட்டுருமே மாப்ள."

"கழுவுற பாத்திரம்தானே."

பதில் சரியாக இருந்தது. வலை கட்டும் கழி ஒன்று ஊன்றியிருந்த இடத்தில், மூவரும் பூப்போலத் தூக்கிக் கடலுக்குள் இறக்கினார்கள். படகு ஆட்டம் நின்றது. கரை சேர்ந்ததும் படகுக்காரர் கொப்பரை எங்கே என்று கேட்டார்.

"கீழே இறக்கிட்டோம்ணே. ஒரு நசுங்கல் இல்லை. சத்தமே வரலை" என்றார் சாத்தையா பெருமையாக.

படகுக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்த விதத்தைப் பார்த்த பிறகுதான், கொப்பரை கடலுக்குள் இருந்தால் பொங்கல் வைக்க முடியாது என்பது சாத்தையாவுக்கு மெதுவாகப் புரிந்தது. பொங்கல் அடுத்த சனிக்கிழமை.

பிலவேந்திரன் என்பவர் அந்தக் கரையில் இருந்தார். சங்கு குளித்துப் பழகியவர். இப்போது காற்றுச் சிலிண்டரும் ரப்பர் சட்டையும் வாங்கி வைத்து, கடலுக்கடியில் பார்க்க ஆசைப்பட்டு வருகிற வெளியூர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு இறங்குவார். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் சிரித்தார்.

"ஒன்றரை ஆள் ஆழம்தானே அண்ணே. ஒரு முங்கு முங்கி நானே எடுத்துத் தந்துர்றேன்."

"வேற கை தொடக்கூடாதுங்க" என்றார் சாத்தையா.

"நீந்தத் தெரியுமா?"

"எங்க ஊர்ல முழங்காலுக்கு மேல தண்ணி பார்த்தவங்க இல்லைங்க."

பிலவேந்திரன் அவர்களை வாசலோடு அனுப்பியிருப்பார். அதற்குள் அங்குச்சாமி அவருடைய கொட்டகைக்குப் பின்னால் அடுப்பு மூட்டி மீன்குழம்பு கொதிக்க வைத்திருந்தான். சாப்பிட்டுவிட்டு அவர் வெகுநேரம் கையைக் கழுவவில்லை. பிறகு, "சரி, கத்துத் தர்றேன். இங்கயே தங்குங்க. நானும் கூடவே இறங்குறேன்" என்றார்.

அது வாடைக்காற்று வீசுகிற காலம். தண்ணீரில் காலை வைத்தால் உச்சந்தலை சிலிர்க்கும்.

"காத்து, நீரோட்டம், குளிரு. இந்த மூணும் ஒத்து வந்தாத்தான் இறங்கணும்" என்று ஆரம்பித்தார் பிலவேந்திரன். "ரேடியோவுல எச்சரிக்கை சொன்னா அன்னைக்கு இறங்காதீங்க. மிதக்கிற எதையாவது தண்ணியில போட்டுப் பாருங்க. அது போற பக்கம்தான் நீரோட்டம். அசையாம நின்னா இறங்கலாம். குளிர்ல ஒடம்புச் சூடு எறங்கவே கூடாது. அப்புறம் முக்கியமானது, கரையில என்ன திட்டம் போட்டோமோ அதைத்தான் தண்ணியில செய்யணும். உள்ள போய்ப் புதுசா யோசிக்கக் கூடாது. கடல்ல செத்தவன்ல பாதிப்பேர் உள்ள போய் யோசிச்சவன்தான்."

"அந்தப் பயம் எங்களுக்கு இல்லைங்க" என்றார் சாத்தையா.

"மேல வரும்போது அவசரமே கூடாது. பாதி வழியில நின்னு, மூச்சு சீரான பிறகுதான் மிச்ச வழி. இந்த ஆழத்துக்கு அது தேவையில்லை, ஆனாலும் தெரிஞ்சு வச்சுக்குங்க. எங்க அப்பா காலத்துல, ஆழத்துல இருந்து அவசரமா வந்தவனை மறுபடி தண்ணிக்குள்ள இறக்கித்தான் சரிபண்ணுவாங்க. இல்லேன்னா ஒடம்பெல்லாம் நொந்து படுத்துருவான்."

கோட்டைச்சாமி ஒவ்வொன்றையும் கண்ணை மூடிக்கொண்டு மனப்பாடம் செய்தான். கண்ணைத் திறந்தபோது மிகவும் கவலையாக இருந்தான்.

மறுநாள் டீக்கடை ரேடியோவில், மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்றார்கள். மூவரும் பக்கத்தில் உட்கார்ந்து செய்தி முடியும்வரை கேட்டார்கள்.

"சமையல்காரங்களைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே" என்றான் அங்குச்சாமி.

"அப்படின்னா போகலாம்னு அர்த்தம்" என்றான் கோட்டைச்சாமி.

சாத்தையா தலையை ஆட்டினார். "நமக்கு ஆபத்து இல்லைன்னு சொல்லாம விட்டாங்களா, நம்மளை மறந்துட்டாங்களா? அது தெரியாம எப்படி மாப்ள இறங்குறது?"

நியாயமான கேள்வி. ஆகவே அடுத்த செய்தியில் சமையல்காரர்களைப் பற்றிச் சொல்கிறார்களா என்று சாயங்காலம்வரை காத்திருந்தார்கள். நெல் விலை சொன்னார்கள், கால்பந்து சொன்னார்கள். டீக்கடைக்காரர் ரேடியோவை அணைத்தபோதும் சொல்லவில்லை. கடைசியில் பிலவேந்திரன் வந்து, எச்சரிக்கையை நாளைக்கு எடுத்துவிடுவார்கள், வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில் நீரோட்டமும் அடங்கியிருக்கும், அன்றைக்கு இறங்கலாம் என்று நாள் குறித்தார்.

"நீரோட்டத்தை நாங்களே பார்த்துக்கிறோம்" என்று சொல்லிவிட்டு மூவரும் கரைக்குப் போனார்கள். மிதக்கிற பொருள் என்று அவர்களிடம் இருந்தது அப்பளம். சாத்தையா ஒன்றை எடுத்து மரியாதையாகத் தண்ணீரில் விட்டார். அப்பளம் கொஞ்ச நேரம் மிதந்தது, நமுத்தது, நேராகக் கீழே போனது.

"நீரோட்டம் கீழ்ப்பக்கமாப் போகுது" என்றான் கோட்டைச்சாமி.

சந்தேகத்துக்கு ஒரு உளுந்தவடையை வீசினார்கள். அது தண்ணீரைத் தொடுவதற்குள் ஒரு கடற்பறவை கவ்விக்கொண்டு மேலே போய்விட்டது.

"இப்ப மேல்பக்கமாப் போகுது மாஸ்டர்" என்றான் அங்குச்சாமி, வானத்தைப் பார்த்தபடி.

சாத்தையாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "ரெண்டு பக்கமும் போகுதுன்னா நல்லதாப் போச்சு. இறங்குறதுக்கும் வசதி, ஏறுறதுக்கும் வசதி."

"அசையாம நிக்கணும்னு சொன்னாரே மச்சான்" என்று கோட்டைச்சாமி ஞாபகப்படுத்தினான். பிறகு பொரித்த அப்பளம் ஒன்றை, தொலைந்துபோகாமல் இருக்க, நூலால் ஒரு கழியில் இறுக்கிக் கட்டித் தண்ணீரில் விட்டான். அது எங்கும் போகவில்லை. நீரோட்டம் நின்றுவிட்டது என்று மூவரும் ஏகமனதாக முடிவு செய்தார்கள்.

பாக்கி இருந்தது குளிர். இதில்தான் அங்குச்சாமி வாயைத் திறந்தான்.

"குளிக்கிற தண்ணி சில்லுன்னு இருந்தா என்ன மாஸ்டர் செய்வோம்? வெந்நீர் வச்சு விளாவுவோம். கடலும் தண்ணிதானே?"

இருவரும் அவனைப் புதிதாகப் பார்த்தார்கள்.

"ஆனா நீரோட்டம் அந்தச் சூட்டை இழுத்துட்டுப் போயிருமே?" என்றார் சாத்தையா.

கோட்டைச்சாமி கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தான். "மச்சான், இப்பத்தான் புரியுது! அதுக்குத்தான் நீரோட்டம் நிக்கிற நாளாப் பார்க்கச் சொல்லியிருக்காரு."

வியாழக்கிழமை முழுவதும் கரையில் அடுப்பு எரிந்தது. கடல் தண்ணீரையே மொண்டு, கொதிக்க வைத்து, கடலிலேயே ஊற்றினார்கள். அங்குச்சாமி ஒவ்வொரு அண்டாவுக்கும் பிறகு கைக்குழந்தைக்குப் பார்ப்பதுபோல முழங்கையைத் தண்ணீரில் வைத்துப் பார்த்து, "இன்னும் ரெண்டு அண்டா" என்றான். கடற்பாசி எடுத்துக்கொண்டு அந்தப் பக்கமாக வந்த ராக்கு என்கிற அம்மாள் நின்று பார்த்தாள்.

"என்னப்பா செய்றீங்க?"

"கடலை விளாவுறோம் ஆத்தா."

"நல்லா விளாவுங்க. நான் நாப்பது வருஷமாப் பச்சைத் தண்ணியிலயே முங்கிக்கிட்டுக் கெடக்கேன், ஒருத்தனுக்கும் தோணலையே" என்று சொல்லிவிட்டு ராக்கு போனாள். சாத்தையா அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

அன்று இருட்டும்போது திட்டம் போட்டார்கள். வாடகைக்கு எடுத்த தெர்மாகோல் தெப்பத்தில் கழி வரைக்கும் போவது. சாத்தையாவும் கோட்டைச்சாமியும் தெப்பத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, முதுகு முன்னே போகும்படி மல்லாக்கச் சாய்ந்து விழுவது. கையைப் பிடித்துக்கொண்டு அடியில் நடந்துபோய்க் கொப்பரையைத் தடவிக் கண்டுபிடிப்பது. அதன் காதில் கயிற்றைக் கட்டி இரண்டு தடவை சுண்டுவது. தெப்பத்தில் இருக்கிற அங்குச்சாமி இழுப்பது. மேலே வரும் வழியில் பாதியில் நிற்பது. பிலவேந்திரன் கேட்டுவிட்டு, "சரிதான், இதுல ஒண்ணையும் மாத்தாதீங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் அடுப்பை மறுபடி மூட்டிவிட்டு, ரப்பர் சட்டையை மாட்டினார்கள். இட்லித் தட்டில் தடவுவதுபோல உடம்பெல்லாம் நல்லெண்ணெய் தடவிக்கொண்டதால் சட்டை உள்ளே வழுக்கிக்கொண்டு போனது. கொஞ்சம் அதிகமாகவே போனது. கோட்டைச்சாமியின் தலையை மேலே எடுக்க நேரமாயிற்று. எல்லாம் முடித்துக் கொட்டகையை விட்டு வெளியே வந்து பார்த்தால், கடலைக் காணவில்லை.

வாடை பலமாக அடித்தால் அந்தக் கரையில் கடல் உள்வாங்கும். கரைக்காரர்களுக்கு அது பழகிய விஷயம். ஆனால் மூவருக்கும் யார் சொல்லியிருக்கிறார்கள்? ஈரமணலும் பாசியும் பளபளவென்று கிடந்தன. தூரத்தில் வெள்ளைக்கோடாகத் தண்ணீர் தெரிந்தது.

சாத்தையா கத்தினார். "டேய் அங்கு! அடுப்பை அணைடா! கடல் வத்திப்போச்சு!"

"கொஞ்சம்தானே மாஸ்டர் எரிச்சேன்..."

"ரசம் சுண்டுற மாதிரி சுண்டிப்போச்சேடா! ஊர்க்காரங்க வந்து கடல் எங்கன்னு கேட்டா என்ன சொல்றது?"

அங்குச்சாமி அழுகிற குரலில், "தண்ணி ஊத்திச் சரிக்கட்டிரலாம் மாஸ்டர், உப்பு மட்டும் பார்த்துப் போட்டா யாருக்கும் தெரியாது" என்றான்.

அந்த நேரத்தில் பிலவேந்திரன் சாலையிலிருந்து பார்த்தார். கழிக்குப் பக்கத்தில் கொப்பரை மணலில் வெயில்பட்டு மின்னிக்கொண்டிருந்தது. நல்லதாயிற்று, இனி நடந்துபோய் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள் என்று நினைத்து, "இன்னைக்கு நான் வேண்டியதில்லை, நீங்களே பார்த்துக்கலாம்!" என்று கையை ஆட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

கொப்பரையைச் சாத்தையாவும் பார்த்தார்.

"மாப்ள, அந்தா தெரியுதே, ஓடிப்போய்..."

"யோசிக்கிறீங்களா மச்சான்?" என்றான் கோட்டைச்சாமி பயந்துபோய்.

சாத்தையா சட்டென்று யோசிப்பதை நிறுத்தினார்.

தெப்பத்தை மணலில் தள்ளிக்கொண்டே கழி வரைக்கும் கொண்டுபோனார்கள். அங்குச்சாமி ஏறி உட்கார்ந்தான். மற்ற இருவரும் ஓரத்தில் உட்கார்ந்து, முங்குகிற கண்ணாடியை முகத்தில் மாட்டி, சிலிண்டரின் குழாயை வாயில் கவ்வி, மல்லாக்கச் சாய்ந்தார்கள். சேற்றில் சொத்தென்று இரண்டு சத்தம் கேட்டது. ஆமை கவிழ்ந்ததுபோலக் கையையும் காலையும் ஆட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் கிடந்தார்கள். பிறகு எழுந்து, கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கொப்பரையைத் தடவித் தேடினார்கள். அடியில் கலங்கலாக இருக்கும், தடவித்தான் தேட வேண்டும் என்று பிலவேந்திரன் சொல்லியிருந்தார். சாத்தையா முதலில் கழியைக் கண்டுபிடித்தார். அப்புறம் ஒரு நண்டைக் கண்டுபிடித்தார். குழாயை வாயிலிருந்து எடுக்கக் கூடாது என்பதால் கத்தாமல் அதைப் பொறுத்துக்கொண்டார்.

பாசிக் கூடையோடு ராக்கு பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏப்பா, கண்ணு முன்னால கெடக்கு. எதுக்கு மணலைத் தடவிக்கிட்டு இருக்கீங்க?"

இருவரும் பதில் சொல்லவில்லை. அடியில் இருக்கிறவன் எப்படிப் பேசுவான்? தெப்பத்தின் மேலிருந்த அங்குச்சாமி அவளைப் பார்த்துக் குனிந்து, "ஆத்தா, நீங்க எவ்வளவு நேரமா உள்ள இருக்கீங்க? குழாய் இல்லாம மூச்சு முட்டலையா?" என்று கவலையாகக் கேட்டான்.

"எனக்கு முட்டலை. ஒங்களைப் பார்த்தாத்தான் முட்டுது" என்றாள் ராக்கு. ஆனாலும் போகவில்லை. இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தாள்.

கடைசியில் கை செம்பில் பட்டது. சாத்தையாவின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது; கண்ணாடிக்குள் அது போக வழியில்லாமல் தேங்கி நின்றது. கயிற்றைக் கட்டி இரண்டு தடவை சுண்டினார். அங்குச்சாமி பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். கொப்பரை நிறைய மணல். தெப்பமோ தெர்மாகோல். ஆகவே கொப்பரை இருந்த இடத்திலேயே இருக்க, தெப்பம் அங்குச்சாமியோடு மணலில் வழுக்கிக்கொண்டு கொப்பரையிடம் வந்து சேர்ந்தது.

"வந்துருச்சு மாஸ்டர்!" என்று அவன் கத்தினான். திட்டத்தில் ஒரு குறையும் இல்லை.

மணலைக் கொட்டிவிட்டு மூவரும் கொப்பரையைத் தூக்கிக்கொண்டு கரையைப் பார்த்து நடந்தார்கள். பாதி வழியில் நின்றார்கள். கொப்பரையை மணலில் நிமிர்த்தி வைத்துவிட்டு, மூச்சு சீராகட்டும் என்று காத்திருந்தார்கள். கோட்டைச்சாமிக்குச் சாதாரணமாகவே மூச்சு சீராக இருக்காது. சிலிண்டரையும் சுமந்துகொண்டு எப்படி இருக்கும்? நேரம் போய்க்கொண்டே இருந்தது. காற்று தணிந்தது. கணுக்காலில் சிலுசிலுவென்று ஏதோ ஏறியது.

"யாரோ தண்ணி ஊத்திட்டாங்க மாஸ்டர்!" என்றான் அங்குச்சாமி நிம்மதியாக. சாத்தையாவுக்கும் பெரிய பாரம் இறங்கியது.

தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. இடுப்புக்கு வந்தது. கொப்பரை மெதுவாக அசைந்து, மிதந்து, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கரையை நோக்கிப் புறப்பட்டது. சாத்தையா அதன் காதைப் பிடிக்க எட்டினார். கோட்டைச்சாமி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ஆகாது என்று தலையாட்டினான். தலையில் கட்டப்போகிற பரிவட்டம் தனியாகப் போவதைப் பார்த்துக்கொண்டு, கழுத்தளவுத் தண்ணீரில் சாத்தையா நின்றார். மூச்சு இன்னும் சீராகவில்லை; விதி விதிதான்.

கரையில் ராக்கு கத்தினாள். "அடேய், மூழ்கிப் போயிருவீங்கடா! வாங்கடா வெளிய!" அவள் உள்ளே வந்து, தொடக்கூடாத பாத்திரத்தைத் தொடாமல், தொடத் தடையில்லாத மூன்று பேரையும் பிடித்துக் கரைக்கு இழுத்துப் போட்டாள். கொப்பரை எப்போதோ வந்து மணலில் சாய்ந்து கிடந்தது.

"ஒங்களைவிட அதுக்குப் புத்தி இருக்கு. நேரா வந்துருச்சு" என்றாள்.

இதைக் கேட்டதும் கோட்டைச்சாமியின் முகம் மாறியது. கொப்பரையைச் சுற்றிச் சுற்றி வந்தான். விரலால் தட்டிப் பார்த்தான்.

"மச்சான், நாம பாதியில நின்னோம். இது நிக்கலை. அவசரமா மேல வந்திருக்கு. பாருங்க, எப்படி வேர்த்துக் கிடக்கு!"

சாத்தையா தொட்டுப் பார்த்தார். நனைந்துதான் இருந்தது.

"மறுபடி இறக்கணுமே" என்றார் மெல்ல.

மறுபடி கடலில் இறக்கியிருப்பார்கள். ஆனால் ராக்கு கூடையைத் தூக்கிக்கொண்டு அடிக்க வந்தாள். கடைசி பஸ்ஸும் ஹாரன் அடித்தது.

மறுநாள் விடிகிற நேரம். முத்தாலம்மன் கோயிலில் பெண்கள் அரிசியும் வெல்லமுமாக உட்கார்ந்திருந்தார்கள். பூசாரி கையில் பரிவட்டத் துணி தயாராக இருந்தது.

"சாத்தையா, கொப்பரை எங்கப்பா?"

"வந்துருச்சு சாமி. கொஞ்சம் முடியாம இருக்கு. கோயில் கிணத்துல இறக்கியிருக்கோம், சரியானதும் மேல வந்துரும்."

பூசாரி கிணற்றை எட்டிப் பார்த்தார். "கயிறு எங்க?"

"அதையும் உள்ளதான் போட்டோம்" என்றான் கோட்டைச்சாமி. "கயிறும் அவசரமா வந்ததுதானே சாமி."

கூட்டத்தில் யாரோ சிரிக்க ஆரம்பிப்பது கேட்டது. சாத்தையா பரிவட்டத்தைப் பார்த்தார், உதிக்கப்போகிற சூரியனைப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "நானே இறங்கி எடுத்துட்டு வர்றேன்" என்று கிணற்றுச் சுவரில் காலைத் தூக்கி வைத்தார். கூட்டத்தில் சிரிப்பு நின்றது. அந்த ஒரு நிமிஷம் அவர் மாஸ்டராகத்தான் தெரிந்தார்.

காலைத் தண்ணீர்ப் பக்கம் நீட்டியதும், உள்ளிருந்து குளிர்ந்த காற்று ஒன்று ஏறி வந்து பாதத்தைத் தொட்டது.

சாத்தையா காலை எடுத்துக்கொண்டார். திரும்பிப் பார்த்தார். கோட்டைச்சாமி கையில் நூல் கட்டிய அப்பளம் இருந்தது. அதற்குப் பின்னால், பொங்கலுக்கு மூட்டிய அடுப்பில் அங்குச்சாமி பெரிய அண்டாவை ஏற்றிக் குனிந்து ஊதிக்கொண்டிருந்தான்.

"அங்கு" என்றார் சாத்தையா, ஊரே கேட்கும்படி, பொறுப்பான குரலில். "தீயைக் கொஞ்சமா வைடா. போன தடவை மாதிரி வத்த விட்டுராதே. இது குடிக்கிற கிணறு."